எல்லா எண்ணெயும் எண்ணெய் அல்ல: தைலங்களால் வரும் நச்சு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு பார்மசியில் பதினாறு வருடமாக நிற்கிறேன். மழை தொடங்கி ஊரெல்லாம் தடிமனும் இருமலுமாக இருக்கும் நாட்களில், சின்னப் போத்தல் ஒன்றைக் கையில் பிடித்தபடி “இதைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?” என்று கேட்டு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். அப்படிக் கேட்கப்பட்ட கேள்விகளும், ஆட்கள் வரிசையில் நின்றதால் அவசரத்தில் நான் முழுதாகச் சொல்லாமல் விட்ட பதில்களும்தான் கீழே இருக்கின்றன. அவசரத்தில் இருப்பவர்கள் முதல் கேள்வியை மட்டும் வாசித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பிள்ளை தைலத்தைக் குடித்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

போத்தலை வாங்கி மூடுங்கள். வாயில் மிச்சம் இருந்தால் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். கொப்பளிக்கத் தெரிந்த வயதென்றால் தண்ணீரால் கொப்பளித்துத் துப்ப வையுங்கள்.

தொண்டைக்குள் விரலை விட வேண்டாம். உப்புத் தண்ணீர், பால், தேங்காய்ப்பால், முட்டை வெள்ளைக்கரு, தேசிக்காய்ச் சாறு ஒன்றும் வேண்டாம். அடுத்த வீட்டு அன்ரி சொன்னாலும் வேண்டாம்.

1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். பக்கத்தில் ஓட்டோ நின்றால், பிள்ளையும் தெளிவாக இருந்தால், அதிலேயே ஏறிவிடலாம். கொழும்பில் பிள்ளைகளுக்குப் பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை, பெரியவர்களுக்குத் தேசிய வைத்தியசாலை. ஆனால் பிள்ளை மயங்குகிறது, மூச்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றால் எது அருகில் இருக்கிறதோ அங்கேதான் போக வேண்டும். தேசிய வைத்தியசாலையில் தேசிய நச்சுத் தகவல் நிலையம் இருக்கிறது. என்ன குடித்தார், எவ்வளவு என்று சொன்னால் அவர்கள் வழி சொல்வார்கள். அந்த எண்ணை இன்றைக்கே தேடி போனில் போட்டு வையுங்கள், பிள்ளை கையில் கிடக்கும்போது தேடிக்கொண்டிருக்க முடியாது.

போத்தலைக் கட்டாயம் கையோடு கொண்டுபோங்கள். லேபல் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, மணம் போதும்.

அரைத்தூக்கத்தில் இருந்தால் இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதும் பல்லுக்கிடையில் கரண்டி வைப்பதும் நம்மிடம் இன்னும் இருக்கின்றன. இரண்டும் வேண்டாம். பக்கவாட்டில் திருப்பி, தலை எதிலும் இடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சத்தி எடுத்தால் விஷம் வெளியே வந்துவிடும்தானே?

வயிற்றில் இருப்பதில் கொஞ்சம் வரும். ஆனால் இந்தத் தைலங்களில் பல தண்ணீர் போல லேசாக ஓடுகிறவை. வெளியே வரும் வழியில் ஒரு துளி மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலே நுரையீரல் முழுக்கப் பரவி அழற்சியை உண்டாக்கிவிடும். மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையைச் சத்தி எடுக்க வைக்கக் கூடாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதே காரணம்தான். தைலத்தில் இன்னொரு பிரச்சினையும் உண்டு. மயக்கமும் வலிப்பும் சட்டென்று வரும். நீங்கள் விரல் விட்ட அந்த நிமிடத்தில் பிள்ளை நினைவிழந்தால், வந்தது எல்லாம் நெஞ்சுக்குள்தான் போகும்.

தானாகச் சத்தி வந்தால் தடுக்க வேண்டாம். தலையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடியுங்கள்.

எண்ணெய்தானே? தேங்காயெண்ணெய் ஒரு கரண்டி குடித்தால் ஒன்றும் ஆவதில்லையே?

இந்தக் கேள்வி எனக்கு மிகப் பிடிக்கும், ஏனென்றால் பிழை கேட்பவருடையது அல்ல, சொல்லினுடையது. எள்ளிலிருந்து எடுத்த நெய் எண்ணெய். பிறகு தேங்காயில், இலுப்பையில், ஆமணக்கில் எடுத்ததையும் அப்படியே அழைத்தோம். அதுவரை சரி, எல்லாம் பிழிந்து எடுத்த கொழுப்பு. அதற்கப்புறம் இலையையும் பட்டையையும் கொதிக்க வைத்து, ஆவியைக் குளிரவைத்து வடித்ததையும் எண்ணெய் என்றே சொல்லிவிட்டோம். கராம்பெண்ணெய், கறுவா எண்ணெய், யூக்கலிப்டஸ் எண்ணெய் எல்லாம் இந்த இரண்டாவது சாதி. அவற்றில் கொழுப்பே கிடையாது. காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். தேங்காயெண்ணெய்க் கறை நாளைக்கும் இருக்கும், வடித்த தைலம் பெரும்பாலும் பறந்துவிடும்.

செடி தன்னைத் தின்ன வரும் பூச்சியை விரட்டவும் பூஞ்சணத்தைக் கொல்லவும் சேர்த்து வைத்த இரசாயனத்தை, ஒரு சாக்கு இலையிலிருந்து ஒரு சின்னப் போத்தலுக்குள் அடைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் இது. கறிக்குள் இரண்டு கராம்பு போடுவதற்கும் கராம்பெண்ணெய் ஒரு தேக்கரண்டி குடிப்பதற்கும் உள்ள தூரம், தேநீரில் சீனி போடுவதற்கும் சீனி மூட்டை தலையில் விழுவதற்கும் உள்ள தூரம்.

கணக்குக்கு ஒன்று: ஒரு தேக்கரண்டி என்பது 5 மில்லிலீற்றர். கடையில் கிடைக்கும் மிகச் சின்னத் தைலப் போத்தல் பெரும்பாலும் 5 அல்லது 10 மில்லிலீற்றர். அதாவது “சின்னப் போத்தல்தானே” என்று சொல்லும் அந்தப் போத்தல் ஒன்று இரண்டு தேக்கரண்டி.

யூக்கலிப்டஸ் தைலம் சளிக்கு நல்லது என்கிறார்களே. தேனில் இரண்டு சொட்டு கொடுத்தால்?

கொடுக்க வேண்டாம். ஊட்டிக்குப் போய் வந்தவர்கள் நீலகிரித் தைலம் என்று கொண்டுவந்து கொடுப்பதும் இதே தைலம்தான். இதில் பெரும்பகுதி சினியோல் என்ற பொருள். பிள்ளைகளில் 2, 3 மில்லிலீற்றரே தூக்கக் கலக்கத்தையும் தள்ளாட்டத்தையும் உண்டாக்கலாம். 5 மில்லிலீற்றர், அதுதான் ஒரு தேக்கரண்டி, நினைவிழப்பு வரை கொண்டுபோகலாம். அரை மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கிவிடும், சில வேளை சில மணி நேரம் கழித்தும் வரும். முதலில் வாய் எரிவு, சத்தி, இருமல். அப்புறம் பிள்ளை “களைத்துப்போய்த் தூங்குது” என்று நினைப்பீர்கள். அந்தத் தூக்கத்துக்குத்தான் பயப்பட வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. என் மகனுக்கு நாலு வயதில் இருமல். இருமல் சிரப்பும் யூக்கலிப்டஸ் தைலமும் ஒரே மண்ணிறப் போத்தல், ஒரே தட்டு. வைத்தது நான், பார்மசிக்காரன். அன்றிரவு கரண்ட் இல்லை. அவனுடைய அப்பம்மா கைவிளக்கு வெளிச்சத்தில் அரைக் கரண்டி ஊற்றிக் கொடுத்துவிட்டா. அவன் பாதியைத் துப்பினான், மீதி உள்ளே போயிற்று. கால் மணி நேரத்தில் கால் பின்னத் தொடங்கியது, மூச்சில் அதே மணம். ஓர் இரவு வைத்தியசாலையில் வைத்துப் பார்த்தார்கள். காலையில் இடியப்பம் கேட்டான். என் அம்மா அன்றிலிருந்து ஆறு மாதம் அவனுக்கு மருந்து கொடுக்கவே இல்லை, கரண்டியைத் தொடமாட்டேன் என்றுவிட்டா. பிழை அவருடையது இல்லை என்று எத்தனை தரம் சொன்னாலும் கேட்கவில்லை.

ஆவி பிடிப்பது? பெரியவர்கள் இரண்டு சொட்டு விட்டுப் பிடித்துக்கொள்ளட்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அது வேண்டாம். தைலத்தைவிட அங்கே கொதிதண்ணீர்ப் பாத்திரம்தான் பெரிய பயம், கவிழ்ந்து வெந்து வரும் பிள்ளைகள் எல்லா வைத்தியசாலையிலும் உண்டு.

கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் பூசுவது பரம்பரை வழக்கம். அதில் என்ன?

பெரியவர்களுக்கு மெல்லியதாகப் பூசினால் பொதுவாக ஒன்றும் இல்லை. இரண்டு வயதுக்குக் கீழே வேண்டாம் என்பது என் திடமான பதில். கைக்குழந்தையின் மூக்குக்குக் கீழே, மூக்குத் துவாரத்தில் கற்பூரமோ, மென்தோல் என்ற புதினாச் சத்தோ பூசினால் மூச்சே சில வினாடி நின்றுபோகலாம். தோல் வழியாகவும் உள்ளே போகும். காயம், சொறி இருந்தால் இன்னும் கூட.

விழுங்கினால் கதை வேறு. கற்பூரம் மூளையைக் கிளறும் பொருள். 1934இல் புடாபெஸ்டில் மெடூனா என்ற மனநல வைத்தியர், வலிப்பை வரவழைத்து நோயைக் குணப்படுத்தலாம் என்ற எண்ணத்தில் நோயாளிகளுக்குக் கற்பூர எண்ணெயைத்தான் ஊசியாகப் போட்டார். வேண்டுமென்றே வலிப்பு வரவைக்கத் தேர்ந்தெடுத்த பொருள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். விழுங்கிய ஐந்து நிமிடத்திலேயே, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வலிப்பு வரலாம். ஒரு கிலோ எடைக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போயிருந்தால் வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்பது கணக்கு. பத்துக் கிலோ பிள்ளைக்கு அது 300 மில்லிகிராம், சாமியறைத் தட்டில் கிடக்கும் வில்லையில் ஒரு துண்டு. ஏறக்குறைய 1 கிராம் உள்ளே போய்ச் சிறுகுழந்தை இறந்த பதிவும் மருத்துவ இதழ்களில் உண்டு. வெள்ளையாக, சீனி மிட்டாய் மாதிரி, தவழும் உயரத்தில் இருக்கும் தட்டில் வைக்கிறோம்.

அமெரிக்காவில் கற்பூரம் கலந்த எண்ணெய் 1980களின் தொடக்கத்தில் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. அங்கே நடந்த விபத்துகளில் பல, ஆமணக்கெண்ணெய் என்று நினைத்துக் கற்பூர எண்ணெயைக் குடித்ததால் வந்தவை. ஆங்கிலத்தில் அந்த இரண்டு பெயரும் கேட்க ஒரே மாதிரி இருக்கும். நம்மிடமும் குழப்பம் உண்டு: கற்பூரத் தைலம் என்ற பெயரில் சிலர் கொடுப்பது டர்பன்டைன். பெயின்ற் கரைக்கும் அதே சாமான். அதுவும் பைன் மரத்திலிருந்து வருவதுதான், “இயற்கை” என்று லேபலில் போட்டால் பொய்யில்லை.

முழங்கால் நோவுக்குப் பூசும் தைலம், பாம். அதைக் குடித்தால்?

எனக்கு இந்தப் பக்கத்திலேயே அதிகப் பயம் இதில்தான். அந்தக் “கோடாலித் தைல” மணம், நோவு பாம் மணம் என்று சொல்கிறோமே, அதன் ஒரு பங்கு மீதைல் சாலிசிலேட். வின்டர்கிரீன் என்ற செடியின் தைலம் கிட்டத்தட்ட முழுக்க அதுதான். இது அஸ்பிரினுக்கு மிக நெருங்கிய சொந்தம். சுத்தமான வின்டர்கிரீன் தைலம் ஒரு தேக்கரண்டி, ஏறக்குறைய 7 கிராம் அஸ்பிரினுக்குச் சமம். 300 மில்லிகிராம் குளிசை என்றால் இருபதுக்கு மேல், ஒரே மிடறில். ஒரு சிறு பிள்ளையைக் கொல்ல அது போதும், அதற்கு மேல் திரவமாக இருப்பதால் உடனே உறிஞ்சப்படவும் செய்யும். மூச்சு வேகமாக இளைக்கும், காதில் இரைச்சல், காய்ச்சல், சத்தி, அப்புறம் குழப்பம், வலிப்பு. கலந்து விற்கும் தைலங்களில் அளவு குறைவு, ஆனால் அவற்றில் கற்பூரமும் யூக்கலிப்டஸும் சேர்ந்தே இருக்கும். மூன்று விஷமும் ஒரே போத்தலில்.

பூசுகிறவர்களுக்கும் ஒன்று. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் குளிசை எடுக்கிறவர்கள் இந்தத் தைலத்தைத் தினமும் தாராளமாகத் தேய்த்தால் மருந்தின் வேகம் கூடி இரத்தக்கசிவு வரலாம். இதய சத்திரசிகிச்சை செய்த அப்பாமார் பலர் இதை வைத்தியரிடம் சொல்வதே இல்லை, தைலத்தை மருந்தாகக் கணக்கெடுப்பதில்லை. பூசிய இடத்தில் சூடான ஒத்தடமும் வேண்டாம்.

பல்லுக் குத்துக்குக் கராம்பெண்ணெய்?

பஞ்சில் ஒரு சொட்டு, பல்லில் மட்டும், பெரியவர்களுக்கு, பல் வைத்தியரைக் காணும்வரை. அவ்வளவுதான். முரசில் அடிக்கடி வைத்தால் முரசு வெந்து வெள்ளையாகும். பல் முளைக்கும் குழந்தைக்கு முரசில் தேய்ப்பதை விட்டுவிடுங்கள்.

விழுங்கினால் கராம்பெண்ணெய் பிடிப்பது ஈரலை. இதில் உள்ள யூஜினோல், ஈரலின் பாதுகாப்புச் சரக்கைத் தீர்த்துவிட்டு அதன் கலங்களைத் தாக்குகிறது. பரசிட்டமோல் அளவுக்கு மீறினால் நடப்பது போலவேதான். 5 முதல் 10 மில்லிலீற்றர் வரை குடித்த இரண்டு வயதுக்குட்பட்ட, இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகள் ஆழ்மயக்கத்துக்கும் ஈரல் செயலிழப்புக்கும் போன சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. நல்ல செய்தி, பரசிட்டமோலுக்குக் கொடுக்கும் அசற்றைல்சிஸ்டீன் என்ற மருந்தை இதற்கும் கொடுக்கிறார்கள். பெரும்பாலான தைலங்களுக்கு மாற்று மருந்தே கிடையாது, இதற்காவது ஒன்று இருக்கிறது. நேரத்துக்குப் போனால்தான்.

கறுவா எண்ணெய் நம் நாட்டுச் சரக்கு, அதிலும் பிரச்சினையா?

நாட்டுப்பற்று ஈரலுக்குத் தெரியாது. கறுவா இலையில் வடிப்பது பெரும்பாலும் யூஜினோல், ஆகவே கராம்புக்குச் சொன்னதெல்லாம் இதற்கும். பட்டையில் வடிப்பது சின்னமல்டிஹைட், விலையும் கூட, தோலையும் சுடும். நேரே பூசினால் கொப்புளம் வரும். சிலருக்கு ஒருமுறை ஒவ்வாமை வந்தால் பிறகு கறுவா மணமுள்ள பற்பசைகூட ஒத்துக்கொள்ளாது.

பிள்ளைக்குப் பூச்சிக்கு வேப்பெண்ணெய் கொடுப்பது நல்லதா?

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வேப்பெண்ணெய் பிழிந்து எடுத்த எண்ணெய். மேலே நான் பிரித்த முதல் சாதி. ஆகவே அந்தப் பிரிப்பை வைத்து “பிழிந்தது எல்லாம் பாதுகாப்பு” என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வேம்பு நமக்கு மருந்து மட்டும் இல்லை, அம்மன். அம்மை வந்தால் வாசலில் இலை. அதனால்தான் இதைப் பற்றிப் பேசினால் கவுன்டரில் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் 1981இல் கோலாலம்பூர் வைத்தியர்கள் ‘லான்செட்’ இதழில் எழுதியதை மறைக்க முடியாது. மலேசியாவில் சின்னச் சின்ன நோய்க்கு வேப்பெண்ணெய் கொடுக்கப்பட்ட பதின்மூன்று குழந்தைகள். நம்மைப் போலவே அதைக் கைமருந்தாக நம்பிய இந்திய வம்சாவளிக் குடும்பங்களின் பழக்கம் அது. கொடுத்துச் சில மணி நேரத்தில் சத்தி, தூக்கக் கலக்கம், வேகமான மூச்சு, பிறகு அடுத்தடுத்து வலிப்பு. ஈரலில் கொழுப்புப் படிந்து, மூளை வீங்கும் ரை நோய்க்குறி என்ற நிலையைப் போலவே இருந்தது. சில பிள்ளைகள் பிழைக்கவில்லை. அதன் பிறகு இந்தியாவிலிருந்தும் இதே மாதிரிச் செய்திகள் வந்தன.

“எங்கள் பாட்டி கொடுத்தார், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்பார்கள். நாக்கில் தடவியது ஒரு சொட்டாக இருந்திருக்கும். போத்தலிலிருந்து கரண்டிக்கு ஊற்றும்போது அளவு மாறிவிடுகிறது. பழுதான கொட்டையில் பூஞ்சணம் இருந்தாலும் யாருக்கும் தெரியாது. பூச்சிக்கு ஒற்றைக் குளிசை இருக்கிறது, விலையும் பெரிதில்லை. வேப்பெண்ணெய் செடிக்கு அடியுங்கள், செவ்வந்திக்கு மிக நல்லது.

ஆமணக்கெண்ணெய்? பேதிக்குக் கொடுக்கும் வழக்கம்?

ஆமணக்கு விதையில் ரிசின் என்ற கொடிய விஷம் இருக்கிறது, ஆனால் அது எண்ணெயில் கரையாது, பிண்ணாக்கோடு தங்கிவிடும். ஆகவே எண்ணெய் அந்த விதத்தில் நஞ்சல்ல. குழந்தைக்குப் பேதி கொடுத்தால் தண்ணீர்ச்சத்து வற்றும், அதுதான் பிரச்சினை. விதையை மெல்லும் பிள்ளையையும் காட்டாமணக்குக் கொட்டையைக் கடலை என்று தின்னும் பிள்ளையையும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

இதோடு ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். குளிப்பாட்டியபின் குழந்தையின் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவதும், அழும் குழந்தையின் மூக்கைப் பிடித்து எண்ணெய் புகட்டுவதும். எந்த எண்ணெயாக இருந்தாலும், நல்லெண்ணெயே ஆனாலும், நுரையீரலுக்குள் இறங்கினால் அது வெளியே வருவதில்லை. வாரக்கணக்கில் ஆறாத ஒருவகை நிமோனியா வரும். வைத்தியர் கேட்கும்போது மாமியாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு “ஒன்றும் கொடுக்கவில்லை” என்று சொல்லாதீர்கள்.

நுளம்புக்குச் சிட்ரனெல்லா பூசலாமா?

மாத்தறை, ஹம்பாந்தோட்டைப் பக்கத்துப் புல்லில் வடிக்கும் தைலம், உலகச் சந்தையிலேயே இலங்கைச் சிட்ரனெல்லா என்று தனிப் பெயர் இதற்கு. மற்றவற்றோடு ஒப்பிட்டால் நஞ்சு குறைவு. தோலில் பூசுவதென்றால் தேங்காயெண்ணெயில் நன்றாகக் கலந்து பூசுங்கள், கைக்குழந்தைக்கும் குழந்தையின் விரலுக்கும் வேண்டாம், விரல் வாய்க்குப் போகும். ஒரு மணி நேரத்தில் வேகம் தணிந்துவிடும் என்பதால் டெங்குக் காலத்தில் இதை மட்டும் நம்பி இருப்பதும் புத்தியில்லை.

உண்மையான ஆபத்து போத்தலில் இருக்கிறது. தரை துடைக்க என்று இதைச் சோடாப் போத்தலில் வாங்கி வந்து குசினித் தரையில் வைக்கிறோம். வெயிலில் விளையாடிவிட்டு ஓடி வரும் பிள்ளைக்கு அது சோடாதான்.

டீ ட்ரீ எண்ணெய் தேயிலையில் எடுப்பதா? அப்படியானால் குடிக்கலாம்தானே?

இல்லை, இல்லை. தேயிலை நாட்டில் இந்தப் பெயர் ஒரு சாபம். ஒன்லைனில் விற்கிறவர்கள் “தேயிலை மர எண்ணெய்” என்று வேறு மொழிபெயர்த்து வைக்கிறார்கள். அது அவுஸ்திரேலியாவில் வளரும் வேறொரு மரம், நுவரெலியாவோடு எந்தச் சொந்தமும் கிடையாது. 10 மில்லிலீற்றருக்கும் குறைவாகக் குடித்த இரண்டு வயதை எட்டாத பிள்ளைகள் அரை மணி நேரத்தில் நடக்க முடியாமல் தள்ளாடிய சம்பவங்கள் உண்டு. பருவுக்கு மேலாக, கலந்து பூசுவதோடு சரி.

எனக்கு வலிப்பு வருவதுண்டு. தைலம் மணப்பதே கெடுதியா?

கற்பூரம், யூக்கலிப்டஸ் இரண்டும் வலிப்பைத் தூண்டக் கூடியவை. குடித்தால் மட்டும் இல்லை, நிறையப் பூசினாலும் தொடர்ந்து முகர்ந்தாலும் சிலருக்கு வந்திருப்பதாகப் பெங்களூரு நரம்பியல் வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். மருந்து ஒழுங்காக எடுத்தும் வலிப்பு கட்டுப்படவில்லை என்றால், தலையணைக்குக் கீழே இருக்கும் பாம் டப்பியைப் பற்றி வைத்தியரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காமல் போகலாம்.

கண்ணில் தெறித்துவிட்டது, தோலில் கொட்டிவிட்டது என்றால்?

கண்ணை ஓடும் தண்ணீரில் 15, 20 நிமிடம் கழுவுங்கள், பிறகு வைத்தியசாலை. தோலென்றால் நனைந்த உடுப்பைக் கழற்றி, துணியால் ஒற்றி எடுத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

சமையல் எண்ணெயிலும் இப்படி நச்சு வருமா?

வரும், ஆனால் வழி வேறு. தைலத்தில் விஷம் அதற்குள்ளேயே இருக்கிறது. சமையல் எண்ணெயில் யாரோ கொண்டுவந்து சேர்க்கிறார்கள், அல்லது அசட்டையால் சேர்கிறது. 1998இல் டெல்லியில் கடுகெண்ணெயில் பிரமதண்டு விதை எண்ணெய் கலந்து, கால் வீங்கி, இதயம் தளர்ந்து அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள். 1981இல் ஸ்பெயினில் தொழிற்சாலைக்கு என்று அனிலின் என்ற இரசாயனம் கலந்து கெடுத்த எண்ணெயைச் சமையலுக்கு விற்று, ஏறக்குறைய இருபதாயிரம் பேர் நோயில் விழுந்தார்கள், முந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

நம் ஊர்க் கதை 2021 மார்ச். புத்தாண்டுக்குப் பலகாரம் சுடும் நேரத்தில், இறக்குமதியான தேங்காயெண்ணெயில் அஃப்ளடொக்சின் இருப்பதாகச் செய்தி வந்து கடைகளில் ஒரே அமளி. கொப்பரை சரியாகக் காயாமல் பூஞ்சணம் பிடித்தால் வரும் நஞ்சு அது. அன்றைக்கு வேலை முடிந்து போகும்போது வாங்கிய பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்து என்னிடம் “இது நல்லதா?” என்று கேட்டவர்கள் பலர். பார்த்தோ மணந்தோ சொல்ல முடியாது, ஆய்வுகூடத்தில்தான் தெரியும். ஒரு நாள் சாப்பிட்டதால் மயங்கி விழும் விஷம் இல்லை அது, வருடக் கணக்கில் சேர்ந்து ஈரல் புற்றுநோய்க்கு இட்டுச்செல்வது. அளந்து ஊற்றும் பெயரில்லா எண்ணெயை வாங்காமல் இருப்பதும், சிக்குமணம் வந்ததைக் கொட்டிவிடுவதும் நம்மால் முடிந்தவை.

புறக்கோட்டையில் மருந்துச் சரக்குக் கடையில் வாங்கினால் நல்லதா, பார்மசியிலா?

கபோஸ் லேன் கடைக்காரர்களுக்குச் சரக்குத் தெரியும், என்னைவிட நன்றாகவே தெரியும். என் கோபம் போத்தல் மேல்தான். எங்கே வாங்கினாலும் பெயர் எழுதிய லேபல் இருக்க வேண்டும், பிள்ளை திறக்க முடியாத மூடியோ சொட்டுச் சொட்டாக விழும் அடைப்போ இருந்தால் இன்னும் நல்லது. லேபலில் தமிழ் இல்லை என்றால் வீட்டுக்கு வந்ததும் ஒரு பிளாஸ்டர் துண்டில் எழுதி ஒட்டுங்கள்: “பூச மட்டும். குடிக்கக் கூடாது.” வாசிக்கத் தெரியாத பெரியவர் வீட்டில் இருந்தால் மூடியில் சிவப்பு நூல் கட்டுங்கள்.

குடிக்கும் மருந்து ஒரு அலுமாரி, பூசும் தைலம் வேறு அலுமாரி, வேறு அறை. என் வீட்டில் இப்போது அப்படித்தான். கைப்பையையும் மறக்காதீர்கள். விருந்துக்கு வரும் அம்மம்மாவின் பையில் கட்டாயம் ஒரு தைலம் இருக்கும், அந்தப் பை கட்டிலில்தான் கிடக்கும்.

வீட்டில் தைல மணத்தை அறையில் பரப்பும் டிஃபியூசர் வைத்திருக்கிறோம், பூனையும் இருக்கிறது.

பூனையின் ஈரலுக்கு இந்தப் பொருட்களைக் கழிக்கும் வசதி மிகக் குறைவு. உரோமத்தில் படிந்ததை நக்கியே அதற்கு நஞ்சேறும். பூனைக்கு உண்ணி போக டீ ட்ரீ பூசவே கூடாது. மூடிய அப்பார்ட்மென்ட் அறையில் டிஃபியூசர் எரிவதாக இருந்தால் ஜன்னலைத் திறந்து, பூனை வெளியே போக வழி விடுங்கள். இழுப்பு உள்ளவர்களுக்கும் அதே ஜன்னல்தான்.

பழைய போத்தல்களை எங்கே கொட்டுவது?

சிங்க்கிலும் கானிலும் வேண்டாம். பழைய பத்திரிகைத் தாளிலோ மரத்தூளிலோ ஊற வைத்து, பையில் இறுகக் கட்டிக் குப்பைக்காரர் வரும் நாள் காலையில் கொடுங்கள், முதல் நாள் இரவே வாசலில் வைத்தால் நாய் கிழிக்கும். வெறும் போத்தலைக் கழுவி வேறு எதற்கும் எடுத்து வைக்காதீர்கள், முக்கியமாகத் தேன் ஊற்றி வைக்க.